புள்ளி ஒன்று, வழி இரண்டு!

1637ஆம் ஆண்டு. ஹாலந்து நாட்டு லைடன் நகரிலே ஒரு நூல் அச்சேறிற்று. ஆசிரியர், பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட். இலத்தீனே அறிவுக்குரிய மொழி என்று பண்டிதர் பலர் இறுமாந்திருந்த காலத்தில், தம் தாய்மொழியிலே அவர் எழுதினார்! நான்காண்டுகட்கு முன், 1633இல், பூமி இயங்குகிறது என்ற கொள்கைக்காகக் கலிலியோவை மதமன்றம் தண்டித்தது. அச்செய்தி கேட்டு, உலகைப் பற்றித் தாம் எழுதிய ஏட்டை வெளியிடாது நிறுத்தியவர் டேக்கார்ட். அச்சம் சூழ்ந்த அந்நாளில், 1637ஆம் ஆண்டு நூலின் இணைப்பாக வந்தது அவருடைய வடிவகணிதம்.

வளைகோட்டையும் சமன்பாடாக எழுதலாம் என்றது அந்த ஏடு. அதே காலத்தில் ஃபெர்மாவும் அவ்வழி கண்டார். அங்கு விழுந்த வித்தே இன்று நாம் வரையும் செவ்வக ஆயத்தொலைவு. குறுக்கே 3, மேலே 4 என்றால் புள்ளி கிடைத்துவிடும்.

ஆனால், சுருண்டு விரியும் சுருளியைக் கட்டங்களுக்குள் அடக்குவது எளிதா? மையத்திலிருந்து எத்தனை தூரம், எந்தக் கோணம் என்று கேட்பதே அதற்கு ஏற்ற வழி. 1635இல் கவலியேரியும், 1647இல் செயின்ட் வின்சென்ட்டும் அவ்வழியை அச்சிலே தந்தனர். இருவரும் துறவியர், அதை நாம் மறைக்கவில்லை. அவர்கள் வழியை உலகம் ஏற்றது அங்கிக்காக அன்று, அளவைக்காக! நியூட்டன் 1671 அளவில் எழுதி, அவர் மறைந்தபின் 1736இல் வெளிவந்த நூல் இவ்விரு முறைகளையும் வேறு பலவற்றையும் ஆராய்ந்தது. 1691இல் யாக்கோபு பெர்னூலியும் துருவ முறையைக் கையாண்டார்.

ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மந்திரமா வேண்டும்? வேண்டியது செங்கோண முக்கோணம் ஒன்றே! 3இன் வர்க்கம் 9, 4இன் வர்க்கம் 16, கூட்டினால் 25. ஆகவே தூரம் 5. நான்கை மூன்றால் வகுத்த விகிதம் ஏறத்தாழ 53 பாகை என்று கோணத்தைக் காட்டும்.

இங்கேதான் மனப்பாடம் இடறுகிறது. குறுக்கே கழித்தல் 3, மேலே கழித்தல் 4 என்ற புள்ளிக்கும் விகிதம் அதுவே! வாய்பாட்டை மட்டும் நம்பியவன் அதற்கும் 53 என்பான். புள்ளி நிற்கும் கால்பகுதியைப் பார்த்தவனோ 233 என்பான். சூத்திரம் இருவருக்கும் ஒன்று; சிந்தித்தவனுக்கே விடை!

நுண்கணிதத்திலும் அப்படியே. துருவ முறையில் பரப்பைத் தொகையிடும்போது ஆரத்தாலும் பெருக்குக என்பர். ஏன்? வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கால்கள் குடத்தருகே நெருங்கியும் விளிம்பருகே அகன்றும் நிற்கின்றன. ஒரே கோணந்தான், எனினும் 1 அடி தொலைவில் உள்ள அகலத்தைப்போல 5 அடி தொலைவில் ஐந்து மடங்கு! காரணம் அறிந்தபின் மறக்க முடியுமா?

டேக்கார்ட்டின் நூல்கள் சிலவற்றை 1663இல் ரோமாபுரித் திருச்சபை தடைப்பட்டியலிலே சேர்த்தது. பட்டியல் 1966இல் செல்லாக்காசாயிற்று, கணிதமோ வாழ்கிறது! எங்கள் வழியே வழி என்று அது எவரையும் மிரட்டுவதில்லை. இவ்வழியில் கண்டதை அவ்வழியிலும் அளந்து பார் என்று அழைக்கிறது.

தோழர்களே! இளையோர்க்கு நாம் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை ஒளித்தால், அதுவும் ஒரு வேதமாகிவிடும். ஏன் என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுப்போம்!