முடிதிருத்துபவருக்கு ஒரு கடிதம், ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி ஜெபம்

எங்கள் வகுப்பில் ஒரு சண்டை அடிக்கடி வரும். பெந்தெகொஸ்தே நண்பன் ஒருவன் லுத்தரன் நண்பனைப் பார்த்து, "புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறதெல்லாம் ஒரு ஜெபமாடா? மனசிலிருந்து வரணும்" என்பான். லுத்தரன் நண்பனுக்குச் சட்டென்று பதில் வராது. "எங்க பாட்டி அப்படித்தான் செய்வாங்க" என்று முடித்துவிடுவான்.

அந்தப் பாட்டியைப் போன வருடம் பார்த்தேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் ஏறி, வளைவு வளைவாக மேலே போய், ஒரு சின்ன வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். சாப்பாடு முடிந்ததும் பாட்டி ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். ஒரு ஞானப்பாட்டு, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பிறகு ஒரு சின்ன ராத்திரி ஜெபம். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார், உடனே தூங்கிவிட்டார்! நானோ பன்னிரண்டு மணி வரை செமஸ்டர் ரிசல்ட்டை நினைத்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தேன். இந்தத் தூக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ஆச்சரியம். ஜெபித்துவிட்டு உடனே தூங்கப் போ என்பது பாட்டியின் பழக்கம் மட்டுமல்ல, அது மார்ட்டின் லுத்தர் எழுதி வைத்த விதி! 1529-ல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் காலைக்கும் மாலைக்கும் ஜெப முறை இருக்கிறது. காலையில் ஜெபித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போக வேண்டும். ராத்திரியில் ஜெபித்துவிட்டுத் தாமதிக்காமல், மகிழ்ச்சியோடு உறங்க வேண்டும். இதை அவர் சாமியார்களுக்காக எழுதவில்லை. வீட்டுத் தலைவர் தன் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக்கொடுக்கவே எழுதினார். லுத்தரே இளமையில் துறவியாக இருந்து, எவ்வளவு ஜெபித்தாலும் போதவில்லையே என்று தன்னையே வதைத்துக்கொண்டவர். அதனால்தான் இவ்வளவு சுருக்கமாக வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 1535-ல் அவர் எழுதிய ஒரு சின்ன நூல். விட்டன்பர்க் ஊரில் அவருக்கு முடிதிருத்துபவராக இருந்த பீட்டர் பெஸ்கன்டார்ஃப், எப்படி ஜெபிப்பது என்று கேட்டாராம். பெரிய இறையியல் பேராசிரியர் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். அதுவும் எப்படி? "எனக்கே சில நாள் ஜெபிக்க மனம் வருவதில்லை" என்ற பொருளில் தொடங்குகிறார். அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தைகள் ஒப்பிப்பது போல வாய்விட்டுச் சொல்வாராம். 'இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலையை முடிப்போம்' என்ற நினைப்பைத்தான் நம்பக்கூடாது என்கிறார். நாம் படிப்பைத் தள்ளிப்போடுகிற அதே டெக்னிக்!

பீட்டரின் தொழிலிலிருந்தே ஓர் உதாரணமும் தருகிறார். நல்ல முடிதிருத்துபவர் கண்ணையும் கவனத்தையும் கத்தியிலேயே வைத்திருப்பார். ஊர்க்கதை பேசிக்கொண்டே சிரைத்தால் மூக்கோ வாயோ அறுபட்டுவிடும், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். ஒவ்வொரு கற்பனையையும் நான்கு இழையாக முறுக்கச் சொல்கிறார்: இது என்ன கற்றுத் தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். இப்படிப் போகும்போது பரிசுத்த ஆவியானவரே உள்ளே பேசத் தொடங்கினால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மௌனமாகக் கேள் என்றும் சொல்கிறார். அதாவது எழுதி வைத்த ஜெபம் அடுப்பு மூட்டுகிற சுள்ளி மாதிரி. பெந்தெகொஸ்தே நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சுள்ளியோட நிறுத்திக்கிறவங்கதான் அதிகம்" என்றான். அதுவும் உண்மைதான்.

அந்த பீட்டர் பிறகு என்ன ஆனார் தெரியுமா? அதே 1535-ல், ஈஸ்டருக்கு முந்தின நாள் விருந்தில், தன்னை எந்த ஆயுதமும் ஒன்றும் செய்யாது என்று பெருமையடித்த மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லுத்தர் முதலானோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜெபம் சொல்லிக்கொடுத்தால் மனிதன் சாந்தமாகிவிடுவான் என்று நினைப்பவர்களுக்கு இது சங்கடமான கதை. லுத்தரன் சபையார் இதை ஒளிக்காமல் சொல்வது எனக்குப் பிடிக்கிறது.

சரி, இந்த ஜெபம் நம் ஊருக்கு எப்படி வந்தது? டென்மார்க் மன்னர் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், சீகன்பால்குவும் புளுச்சோவும், 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார், லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். டேனிஷ் தளபதியோடு மோதி நான்கு மாதம் கோட்டைச் சிறையிலும் இருந்தார். 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

பாட்டுகளின் கதை இன்னும் உருக்கமானது. 1740-ல் வந்த ஜோஹன் பிலிப் பப்ரிஷியஸ், பிறகு சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடும்படி ஆக்கியவர் அவர். வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். 1779-ல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றும் வெளியிட்டார். ஆனால் அவர் வாழ்ந்தது போர்க்காலம். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள், 1758-ல் மறுபடி முற்றுகையிட்டார்கள். 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் பாய்ந்தது. போதாக்குறைக்கு, மிஷன் பணத்தையும் பிறர் நம்பிக் கொடுத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்து ஏமாந்து, முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். பாட்டியின் வீட்டில் இன்று நிம்மதியாகத் தூங்க வைக்கும் பாட்டுகளை எழுதியவர், கடன்காரர் வாசலில் நிற்கத் தூங்காமல் கிடந்தவர்!

ஜவ்வாது மலைப் பக்கம் வந்தது வேறொரு கிளை. லைப்சிக் மிஷனில் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ளலாமா என்று 1850-களில் பெரிய தகராறு. கூடாது என்ற கட்சியில் நின்ற கார்ல் ஓக்ஸ் வெளியேறி, பண்ருட்டிக்குப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. அங்கிருந்து மேற்கே திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியதுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கலாமா என்ற கேள்வியில் பிறந்த சபை என்று சொல்லலாம். அந்தக் கேள்வி தமிழ்நாட்டுச் சபைகளில் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மலையின் மறுபக்கம், திருப்பத்தூரில் உள்ள கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. அது லுத்தரன் அல்ல. 1921-ல் மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரெஸ்டர் பேட்டனும் தொடங்கியது. கதர், எளிய உணவு, நோயாளிகளைப் பார்ப்பது, வேளை தவறாத ஜெபம். கோயில் போலவே கட்டிய ஜெப ஆலயம். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள்.

இரண்டாவது ராத்திரி பாட்டியிடம் கேட்டேவிட்டேன். "பாட்டி, படிக்கும்போது மனசு வேற எங்கயாவது போனா என்ன செய்வீங்க?"

"போகத்தான் செய்யும். சாமை காயுதே, மழை வந்தா நனையுமேன்னு ஓடும். நான் போய் பிடிச்சிட்டு வந்து விட்ட வரியிலிருந்து மறுபடி படிப்பேன்" என்றார்.

"அப்பவும் போச்சுன்னா?"

"ஆமென்னு சொல்லிட்டுப் படுத்துக்குவேன் கண்ணு. அவருக்குத் தெரியாததா."

அன்றைக்கு மழை வந்தது. சாமையை உள்ளே எடுத்து வைக்க நள்ளிரவில் எங்கள் இருவரையும் எழுப்பியவரும் அவர்தான். வைத்து முடித்ததும் திரும்பப் படுத்து, மறுபடியும் உடனே தூங்கிவிட்டார்.