அந்தச் சான்றிதழில் ஒரு திருத்தம்

சந்திப்புக்கு வரும்போதெல்லாம் ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, ட்ரிபிள் ஈ படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?" பதில் நம் கிண்டியின் பழைய கதையிலேயே இருக்கிறது.

1794-ல் சர்வே பள்ளியாகப் பிறந்த நம் கல்லூரிக்கு மின்பொறியியல் வந்தது 1930-ல்தான். சரியான நேரம். 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன. லைன் இழுக்கவும் சப்-ஸ்டேஷன் அமைக்கவும் ஆள் வேண்டுமே!

அந்த வகுப்பில்தான் லலிதா வந்து உட்கார்ந்தார். 1919-ல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் போய்விட்டார். கையில் நாலு மாதக் குழந்தை. டாக்டருக்குப் படித்தால் நடுராத்திரியிலும் குழந்தையை விட்டு ஓட வேண்டுமே என்று பொறியியலைத் தேர்ந்தார். அப்பா பப்பு சுப்பாராவ் இங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்டார், முதல்வர் சாக்கோ இடம் கொடுத்தார். பின்னாலேயே சிவில் வகுப்புக்கு லீலம்மா ஜார்ஜும் திரேசியாவும் வந்தார்கள். 1943-ல் படிப்பை முடித்த லலிதா, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த 'ஹீ'யை அடித்து, 'ஷீ' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

அப்புறம்? ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பு, பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். அங்கே டிரான்ஸ்மிஷன் லைன், சப்-ஸ்டேஷன் டிசைன். பக்ரா நங்கல் திட்டத்திலும் வேலை பார்த்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். 1979-ல் காலமானார்.

ஒரே பட்டம், பட்டறை, தர நிர்ணயம், டிசைன் என்று எத்தனை வாசல்! இன்று மெட்ரோ, காற்றாலை, சோலார், சிப், சாஃப்ட்வேர் என்று இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் விதவைப் பெண் ஊர் ஊராகச் சைட்டுக்குப் போக முடியாத காலம் அது. அந்த ஒரு வாசல் மட்டும் லலிதாவுக்குத் திறக்கவில்லை.

இப்போது திறந்துவிட்டதா? சில வருடங்களுக்கு முன் இன்டர்வியூ எடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். "சைட் வேலை, பொண்ணு வேண்டாம் சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சாக்கோ முடியாது என்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

தம்பி தங்கைகளே, வேலை நிச்சயம் கிடைக்கும். நாளைக்கு வேலை கொடுக்கும் நாற்காலியில் நீங்களும் உட்காருவீர்கள். அப்போது அந்தத் திருத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.