யூ இல்லாத கியூ



திரிங்காப்பில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப இயலாது. அத்தகைய நாள்களில் பள்ளி அலமாரியிலிருந்து ஸ்கிராபிள் பலகை வெளியே வரும். பைக்குள் கைவிட்டுப் பாராமல் எழுத்துக்கட்டைகளை எடுத்து, பலகையின்மேல் ஆங்கிலச் சொற்களாகக் கோக்கும் ஆட்டம் அது. அதில் பிள்ளைகள் அஞ்சும் எழுத்து ஒன்றுண்டு. கியூ என்னும் எழுத்துதான் அது. அதன் மதிப்பு பத்துப் புள்ளி. ஆனால் யூ கிடைக்காவிட்டால் அதை எங்கே வைப்பது? ஆட்டம் முடியும்போது கையில் தங்கிவிட்டால் அந்தப் பத்தும் நம் கணக்கிலிருந்து கழியும்.

சில ஆண்டுகளுக்குமுன், பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டிக்காக மாணவி ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளை அவள். "டீச்சர், பக்கிரின்னு இங்கிலீசுல ஒரு வார்த்தை இருக்கா?" என்று கேட்டாள். எங்கோ ஒரு புத்தகத்தில் பார்த்ததாகச் சொல்லி எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என எழுதியும் காட்டினாள். நாம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "கியூவுக்குப் பின்னால் யூ வந்தே தீரும். அதுதான் விதி" என்று அடித்துச் சொல்லிவிட்டோம். போட்டியன்று கடைசிக் கையில் அவளுக்கு எஃப், ஏ, கியூ, ஐ நான்கும் வந்தன. பலகையில் ஓர் ஆர் திறந்து கிடந்தது. டீச்சர் இல்லையென்ற சொல்லை அவள் எப்படி வைப்பாள்? கையிலிருந்த கட்டைகளின் புள்ளி கழிய, ஆறே புள்ளியில் தோற்றாள். வீடு திரும்பிப் பெரிய அகராதியைப் புரட்டினோம். ஃபகீர் என்ற சொல் அவள் எழுதிய அதே ஐந்தெழுத்தில் இருந்தது. வைத்திருந்தால் பதினேழு புள்ளி.

அப்படியானால் நாம் சொன்ன விதி யார் வகுத்தது? அதைத் தேடப்போய் மூவாயிரம் ஆண்டுப் பழைமைக்குப் போக நேர்ந்தது.

பினீசியர் என்னும் கடலோடி வணிகரின் எழுத்து வரிசையில் கோஃப் என்றோர் எழுத்து இருந்தது. தொண்டையின் அடியிலிருந்து எழும் ககர ஒலிக்கு உரியது அது. கிரேக்கர் அதைக் கொப்பா எனக் கொண்டனர். அவர்கள் மொழியில் அவ்வொலி இல்லாமையால் நாளடைவில் எழுத்தைக் கைவிட்டு, தொண்ணூறு என்ற எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டனர். உரோமரிடம் ககர ஒலி ஒன்றுக்கே சி, கே, கியூ என மூன்று எழுத்துகள் சேர்ந்துவிட்டன. ஒன்று போதும் என்றான பிறகு, கியூ அவர்களிடம் உகரத்தின் முன் மட்டும் நிலைத்தது. கியூவும் யூவும் சேர்ந்த கதை இவ்வளவே.

ஆங்கிலேயர் தொடக்கத்தில் அந்தச் சேர்க்கையையும் கொள்ளவில்லை. அரசியைக் குறிக்கும் 'குவீன்' என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ கொண்டே எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த எழுத்தர்கள் பிரெஞ்சு வழக்கப்படி கியூவும் யூவும் போட்டு எழுதினர். நாம் அடித்துச் சொன்ன விதி, படையெடுத்து வந்தவர்களின் எழுத்தர் கொண்டுவந்தது!

அதே கோஃபுக்கு அரபு மொழியிலும் ஒரு வாரிசு உண்டு. காஃப் என்னும் அவ்வெழுத்தை ஐரோப்பிய அறிஞர்கள் தங்கள் எழுத்தில் பெயர்த்தபோது, சாதாரணக் ககரத்திலிருந்து பிரித்துக் காட்டக் கியூவைப் பயன்படுத்தினர். ஆகவே ஃபகீரில் தனித்து நிற்கும் கியூ தன் பழைய ஒலிக்கே திரும்பி வந்திருக்கிறது. காதி, வக்ஃபு, கிப்லா போன்றனவும் ஆங்கில அகராதியில் யூ இல்லாத கியூவோடு இருக்கின்றன. மலேசியப் பிள்ளைகளுக்கு இவை புதியனவா? மலாயில் காடி, வக்காஃப், கிப்லாட் என்று கே எழுத்தில் நாள்தோறும் பார்ப்பவை. பக்கிரியோ நமக்கு இன்னும் அணுக்கம். நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குப் பக்கிரிசாமி எனப் பெயரிட்ட குடும்பங்கள் நம்மவரிடையே எத்தனை!

ஆட்டக்காரர் பெரிதும் நாடும் சொல் இரண்டே எழுத்துடையது. கியூ, ஐ. சீனர் உயிர்மூச்சைக் குறிக்கும் 'ச்சி' அது. 1958இல் சீன அரசு பின்யின் என்னும் உரோமன் எழுத்துமுறையை ஏற்றபோது இவ்வொலிக்குக் கியூவை அமர்த்தியது. வட அமெரிக்க ஆட்டப் பட்டியலில் 2006இல்தான் அச்சொல் இடம்பெற்றது. திரிங்காப்பின் சீனக் காய்கறித் தோட்டக்காரரைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

ஆட்டத்தைப் படைத்தவரையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணிப் பார்த்தே கட்டைகளுக்கு அளவு வகுத்தார். நூறு கட்டைகளில் இ பன்னிரண்டு, கியூ ஒன்றே ஒன்று. பன்மையாக்கி எளிதில் புள்ளி சேர்த்துவிடாதபடி எஸ்ஸை நான்கோடு நிறுத்தினார். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் ஸ்கிராபிள் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கச் செய்தித்தாளை எண்ணியவருக்குப் பக்கிரியும் ச்சியும் எங்கே கண்ணில் படப்போகின்றன?

நம்மிடமிருந்து போன சொற்களும் குறைவல்ல. சுருட்டு ஆங்கிலத்தில் ஏழெழுத்து, வெட்டிவேரும் ஏழெழுத்து. கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைத்தால் ஐம்பது புள்ளி கூடுதல் என்பதை ஆட்டக்காரர் அறிவர். உலகப் போட்டி 2003இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. 2007இல் மும்பையில் இறுதிச் சுற்று ஆடிய இருவரில் ஒருவர் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம். அவர் இரண்டாமிடம் பெற்றார்.

இப்போது நம் வகுப்புச் சுவரில் யூ இல்லாத கியூச் சொற்களின் பட்டியல் தொங்குகிறது. எதிரே தமிழிலும் மலாயிலும் அதே சொல் எழுதியிருக்கிறது. அந்த மாணவி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். தீபாவளி விடுமுறையில் லயத்துக்குப் போய், "நீ சொன்னதுதான் சரி, நாங்கள்தான் தவறு" என்று ஒப்புக்கொண்டோம். அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை.