ஐகான் தெரிந்தால் போதாது, கேட்கவும் வேண்டும்

உறவுகளைத் தேடும் பதிவுகளையும் காணி விபரங்களையும் இன்று பலர் கைபேசியில்தான் பார்க்கிறோம். அப்பக்கங்களில் 'தேடு', 'பதிவிறக்கு' என்ற சொற்களின் இடத்தில் சிறு ஐகான்கள் வந்துவிட்டன. யுத்தத்தில் பார்வையிழந்த ஒருவருக்கு, திரைவாசிப்பான் அங்கே 'பொத்தான்' என்று மட்டும் சொன்னால் என்ன பயன்?

முன்பு ஐகான்களை எழுத்துருவாக ஏற்றினார்கள். பத்து ஐகான் போதும் என்றாலும் பெரும்பாலும் முழுக் கோப்பும் இறங்கும். அது வராவிட்டால் வெறும் சதுரப் பெட்டிகள்தான். வெப் கொம்போனன்ட் முறையில் ஐகான் ஒரு தனி எச்டிஎம்எல் குறிச்சொல்லாகிறது. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் அயனிகான்ஸ் தொகுப்பில், குறிச்சொல்லுக்குள் ஐகானின் பெயரை எழுதினால் அதற்குரிய எஸ்விஜி கோப்பு மாத்திரம் வரும். டேட்டா மிச்சம்.

ஐகான் நிழல் டொம்முக்குள் இருப்பதால் வெளியிலுள்ள சிஎஸ்எஸ் விதிகள் உள்ளே போகா. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆனால் நிறமும் எழுத்தளவும் குறிச்சொல்லிலிருந்து உள்ளே இறங்கும். அவற்றை மாற்றினால் ஐகானும் மாறும்.

பொத்தானுக்கு ஏரியா-லேபல் தமிழில் எழுதுங்கள்: 'படிவத்தைப் பதிவிறக்கு'. ஐகானுக்கு ஏரியா-ஹிடன் கொடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். நம் தளங்கள் பலவற்றில் இந்த ஒரு வரி இல்லாதது எரிச்சலூட்டுகிறது.

ஐகான் கோப்புகளை வெளிநாட்டுச் சேர்வரில் விடாமல் உங்கள் தளத்திலேயே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஏறாவிட்டால் ஐகானே தோன்றாது. எனவே முக்கியமான பொத்தான்களில் ஐகானுக்குப் பக்கத்தில் சொல்லையும் எழுதிவிடுங்கள்.