கியர்பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன தயக்கத்தைப் பத்தி. மனுஷங்களோட தயக்கம் இல்ல, காரோட தயக்கம்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லா தெரியும். லீவரை டி-யில் போடுவோம். வண்டி உடனே நகராது. ரெண்டு, மூணு நொடி கழிச்சு, யாரோ பின்னாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஒரு குலுக்கலோட கிளம்பும். மெக்கானிக்கிட்ட போனா முதல்ல, "ஆயில் எப்ப மாத்துனீங்க?"ன்னு கேட்பார். அடுத்து, "என்ன ஆயில் ஊத்துனீங்க?" அந்த ரெண்டாவது கேள்விக்குப் பின்னாடி 80 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதுக்குள்ள ஒரு சட்டமும், வேட்டையாடப்பட்ட ஒரு கடல் உயிரினமும் இருக்கு.

ஆயிலே ஒரு பாகம்தான்

கதை அமெரிக்காவில் தொடங்குது. ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜிஎம், 1939 கடைசியில் ஹைட்ராமேட்டிக் என்ற கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் தலைமையில் உருவானது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. கிளட்ச் பெடல் கிடையாது, நாலு கியரும் தானாவே மாறும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளுக்குள்ளயும் இது போச்சு.

இந்த மாதிரி கியர்பாக்ஸில் ஆயில் வெறும் மசகு கிடையாது. எஞ்சின் சக்தியைக் கடத்துறதும் அதுதான், சூட்டை வெளியே கொண்டு போறதும் அதுதான். பம்ப் கொடுக்கிற அழுத்தத்தில் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்க வைக்கிறதும் அதே ஆயில்தான்.

இங்கதான் ஒரு சிக்கல். அந்தப் பிளேட்டுகள் ஆயிலில் ஊறிக்கிட்டே ஒண்ணையொண்ணு பிடிக்கணும். ரொம்ப வழுக்கினா பிடி கிடைக்காது, பிளேட் தேய்ஞ்சு கருகும். வழுக்கலே இல்லைன்னா பிடிக்கிற கடைசி நொடியில் வெடுக்குன்னு இழுக்கும். மொசைக் தரையில் நாற்காலியை இழுத்தா கிரீச்சுன்னு விட்டு விட்டு நகருமே, அதே இயற்பியல்தான். ஓடும்போது உள்ள உராய்வைவிட நிக்கும்போது உள்ள உராய்வு அதிகமா இருந்தா அந்த அதிர்வு வரும். அதனால உராய்வை அளவா வச்சிருக்க ஆயிலில் ஒரு சேர்மானம் தேவைப்பட்டது.

அந்தச் சேர்மானம் எங்கிருந்து வந்தது?

1949இல் ஜிஎம் "டைப் ஏ" என்று ஒரு தரம் நிர்ணயித்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே எழுதப்பட்ட முதல் ஆயில் தரம் அது. 1960களின் கடைசியில் அதோட இடத்துக்கு "டெக்ஸ்ரான்" வந்தது. இந்த ஆயில்களில் உராய்வைச் சரிக்கட்டச் சேர்த்தது, எண்ணெய்த் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெய்.

திமிங்கல உமிழ்நீர் கடத்தல்னு தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அடிக்கடி செய்தி வருமே, அந்த அம்பர்கிரிஸ் உருவாகிற அதே திமிங்கலம்தான். அதோட எண்ணெய் நம்ம சமையல் எண்ணெய் மாதிரி கொழுப்பு இல்ல, பெரும்பகுதி திரவ மெழுகு. உலோகத்தின் மேல மெல்லிய படலமா ஒட்டிக்கும், சூட்டைத் தாங்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தினா கியர்பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும். இது எவ்வளவு முக்கியமா இருந்ததுன்னா, அமெரிக்க அரசு போர்க்கால அவசியப் பொருள்களோட சேர்த்து இதையும் இருப்பு வச்சிருந்தது.

1960களில் உலகம் முழுக்க வருஷத்துக்கு 20,000க்கும் மேற்பட்ட எண்ணெய்த் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. சொகுசா கியர் மாறுற காரை ஓட்டினவங்களில் எத்தனை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்? ஆயில் டின்னைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வழியே இல்ல.

சட்டம் வந்தது, சிக்கலும் வந்தது

1970இல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1972இல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் அழியும் உயிரினங்கள் சட்டமும் வந்தன. எண்ணெய் வரத்து நின்னுபோச்சு.

மாற்றா "டெக்ஸ்ரான் 2" வந்தது. அதோட ஆரம்பக் கலவை, ரேடியேட்டருக்குள்ள இருக்கிற ஆயில் கூலரின் பித்தளை, சால்டர் இணைப்புகளை அரிச்சது. அப்புறம் அரிப்பைத் தடுக்கிற சேர்மானம் போட்டுத் திருத்தினாங்க. அதுக்குப் பிறகு 1990களில் டெக்ஸ்ரான் 3, 2005இல் டெக்ஸ்ரான் 6.

அந்தத் தேடலில் ஒரு பாலைவனச் செடியும் கவனத்துக்கு வந்தது. அரிசோனா, மெக்சிகோ பக்கம் வளரும் ஹோஹோபா. அதோட விதையிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி திரவ மெழுகுதான் இருக்கு. ஆனா கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் செயற்கை வேதிப்பொருள்கள் பக்கம் போயிடுச்சு. ஹோஹோபா உங்க ஷாம்பு பாட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

ஃபோர்டு வேற வழியில் போனது. அவங்களோட "டைப் எஃப்" ஆயிலில் இந்த வழுக்கும் சேர்மானமே கிடையாது, வெடுக்குன்னு பிடிக்கணும்னே வடிவமைச்சது. அதனால 1970களின் ஒரு ஃபோர்டும் அதே வருஷத்து ஷெவர்லேயும் பக்கத்துப் பக்கத்துல நின்னாலும், ரெண்டுக்கும் ஒரே ஆயில் ஊத்த முடியாது.

அப்போ, தயங்குற காருக்கு என்ன பண்றது?

ஆயில் வாங்குறதுக்கு முன்னாடி காரணத்தைத் தேடுங்க. ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் எஞ்சின் வேகம் ஏறுது, வண்டி மட்டும் நகரலைன்னா சந்தேகம் கியர்பாக்ஸ் மேல. எஞ்சினே திணறினா கார்புரேட்டரையோ பற்றவைப்பையோ பாருங்க.

அடுத்தது ஆயில் அளவு. பெரும்பாலான கார்களில் சமதரையில் நிறுத்தி, கியர்பாக்ஸ் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே ஸ்டிக்கில் பார்க்கணும். சில கார்களில் முறை மாறும், மேனுவல் சொல்றதுதான் சரி. ஆயில் குறைஞ்சா பம்ப் காத்தை உறிஞ்சும், நுரை வரும், அழுத்தம் விழும், வண்டி தயங்கும். அளவுக்கு மேல ஊத்தினாலும் நுரைதான்.

நிறமும் பேசும். சிவப்பா இருந்தா நல்லது. கரும்பழுப்பா மாறி தீஞ்ச வாசனை அடிச்சா பிளேட் கருகியிருக்கலாம். அப்போ புது ஆயில் மட்டும் காப்பாத்தாது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தா கூலர் வழியா தண்ணி கலந்திருக்கு. அந்த வண்டியை ஓட்டாதீங்க, தண்ணி பட்டா பிளேட் மேல உள்ள உராய்வுப் பூச்சு உரிஞ்சு வரும்.

எப்போ தயங்குதுன்னு கவனிங்க. காலையில் மட்டும்னா உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். 1960, 70களின் பல அமெரிக்கக் கார்களில் வாக்கம் மாடுலேட்டர்னு ஒரு சின்ன பாகம் உண்டு. அதோட ரப்பர் குழாய் வெடிச்சாலே கியர் மாறுற நேரம் தப்பும். உள்ளே இருக்கிற சவ்வு கிழிஞ்சா எஞ்சின் ஆயிலை உறிஞ்சி, சைலன்சரில் வெள்ளைப் புகையா விடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, ஸ்டிக்கில் மட்டும் அளவு குறையும். இதைக் கவனிக்காம முழு கியர்பாக்ஸையும் பிரிச்சா செலவுதான் மிச்சம்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஆயில். டைப் ஏ, பழைய டெக்ஸ்ரான் கேட்கிற ஜிஎம் கார்களுக்கு டெக்ஸ்ரான் 6 பொருந்தும்னு ஜிஎம் சொல்லுது. டெக்ஸ்ரான் 3 உரிமங்கள் 2006 கடைசியோட முடிஞ்சுபோச்சு. இப்போ அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற பாட்டிலுக்குப் பின்னாடி ஜிஎம் சோதனை எதுவும் இல்ல. டைப் எஃப் கேட்கிற ஃபோர்டுக்கு டைப் எஃப்தான். "எல்லா வண்டிக்கும் ஆகும்"னு எழுதியிருந்தா, உங்க மேனுவலில் உள்ள பெயர் அதில் இருக்கான்னு பாருங்க.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணுதான். இந்த எண்ணெய்க்கு நிகரே இல்லைன்னு நம்பின ஒரு தொழில், சட்டம் வந்த பிறகு சில வருஷத்துலயே வேற வழி கண்டுபிடிச்சது. தடுமாறித்தான் கண்டுபிடிச்சது. சில கூலர்கள் அரிச்சுப்போச்சு, சில கியர்பாக்ஸ் போச்சு. ஆனா அதெல்லாம் மாத்திக்கக்கூடிய பாகங்கள். திமிங்கலம் அப்படி இல்ல.