ஆடாத படம் வந்த கதை

கையில் பிடித்து எடுக்கும் வீடியோ ஏன் ஆடுகிறது? 1980களில் இந்தக் கேள்வி பெரிதானது. அதற்கு முன் தோளில் சுமந்த கனமான கேமரா, தன் எடையாலேயே ஓரளவு ஆடாமல் நின்றது. கேம்கார்டர்கள் சிறிதாகச் சிறிதாக, கை நடுக்கம் அப்படியே படத்தில் தெரிந்தது. ஜூம் செய்தால் நடுக்கமும் சேர்ந்தே பெரிதானது.

விடை வேறொரு ஆராய்ச்சியிலிருந்து வந்தது. பானசோனிக் கேமராக்களைத் தயாரித்த ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிட்சுஆகி ஓஷிமா என்ற பொறியாளர், காருக்கு வழிகாட்டும் கருவிக்காக அதிர்வு கைரோ என்ற உணரியை ஆராய்ந்து வந்தார். ஒரு பொருள் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது அளக்கும். 1982இல் ஹவாய் சென்றபோது, ஓடும் காரிலிருந்து நண்பர் எடுத்த வீடியோ ஆடுவதை அவர் கவனித்தார். கேமரா சிறு கோணத்தில் திரும்புவதே ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. அதை அளக்கும் உணரியோ அவர் கையிலேயே இருந்தது!

1988இல் பானசோனிக் பிவி-460 கேம்கார்டர் இந்த வசதியோடு விற்பனைக்கு வந்தது.

பின்னர் இரண்டு வழிகள் நிலைத்தன. ஒன்றில், கேமரா திரும்பும் அளவைக் கைரோ சொல்ல, லென்ஸின் ஒரு பகுதி நகர்ந்து அதை ஈடுகட்டும். மற்றொன்றில், பதிவாகும் காட்சியின் ஓரங்களை விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஆட்டத்துக்கு ஏற்ப நகர்த்தி எடுப்பார்கள். இதில் செலவு குறைவு. ஆனால் காட்சியின் பரப்பு குறையும்.

இன்று செல்போன்களிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. காருக்கு வழி காட்ட ஆராய்ந்த உணரி, கடைசியில் மனிதனின் கை நடுக்கத்துக்கு மருந்தானது.