மாற்றி அமைத்தோர் வளர்த்த கார்

பழமையைப் போற்றுவோருள் இருதிறத்தார் உளர். ஒரு பொருள் செய்யப்பட்ட நாளில் எவ்வாறு இருந்ததோ, அவ்வாறே அதனை வைத்துக் காப்பவர் ஒரு சாரார். அதனைத் தம் காலத்திற்கும் பயன்படுமாறு திருத்தித் திருத்திக் கையாள்பவர் மற்றொரு சாரார். ஓவியம், ஓலைச்சுவடி போன்றவற்றில் முதற்சாராரின் பக்கமே நியாயம் உள்ளது. ஆனால், ஓடுவதற்கென்றே பிறந்த ஓர் இயந்திரத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கு அத்துணை எளிதில் தீர்வதன்று. அமெரிக்க நாட்டில் 'மசல் கார்' என்று பெயர் பெற்ற வண்டிகளின் வரலாறு இவ்வழக்கை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

'மசல்' என்பது தசை. நடுத்தர அளவும் எட்டக்கூடிய விலையும் கொண்ட இரண்டு கதவுக் கார் ஒன்றில், பெரிய கார்களுக்கென வார்க்கப்பட்ட எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தினால் கிடைப்பதே மசல் கார். வளைவுகளில் நயமாகத் திரும்புவது அதன் நோக்கமன்று. நேர்ச்சாலையில் நின்ற நிலையிலிருந்து பாய்வதே அதன் நோக்கம். தொழிற்சாலைகள் அதனை முழுவீச்சில் செய்த காலம் 1964 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகளே. ஆயினும், அதன் வேர் அதற்கும் முப்பதாண்டு முந்தியது. அவ்வேரை ஊன்றியவர்கள் தொழிற்சாலை அதிபர்கள் அல்லர். எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய இளைஞர்கள்.

1932இல் ஹென்றி ஃபோர்டு, எட்டுச் சிலிண்டர்களை 'வி' எழுத்தின் வடிவில் அமைத்து, 221 கன அங்குல அளவும் 65 குதிரைச்சக்தியும் கொண்ட இயந்திரத்தை மலிவு விலைக் காரில் வைத்து விற்றார். அதுவரை எட்டுச் சிலிண்டர் இயந்திரம் பெரும்பாலும் செல்வர்க்கே உரிய பொருளாக இருந்தது. சில ஆண்டுகளில் இக்கார்கள் பழைய வண்டிகளாகச் சந்தைக்கு வந்தபோது, தென் கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றைச் சிறுதொகைக்கு வாங்கினர். சக்கரக் காப்புகளைக் கழற்றினர். எடை தரும் எதனையும் விட்டுவைத்தாரில்லை. இயந்திரத்தைப் பிரித்துச் சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தினர். மூரோக் என்னும் வறண்ட ஏரிப் படுகையில் அவற்றை ஓட்டி வேகத்தை அளந்தனர். இவ்வோட்டங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கமும் தோன்றிற்று. விக் எடல்பிராக் என்ற பட்டறைக்காரர் ஃபோர்டு இயந்திரத்திற்குள் காற்றும் பெட்ரோலும் கூடுதலாகச் செல்லத்தக்க குழாயமைப்பைத் தாமே வார்த்தார். இவ்வாறு மாற்றுப்பாகத் தொழில் ஒன்று பட்டறைகளின் பின்கட்டில் பிறந்தது.

போருக்குப் பின் இவ்வார்வம் பெருகிற்று. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' என்ற இதழைத் தொடங்கினார். தெருக்களில் பந்தயம் விடும் வழக்கம் மக்களுக்குப் பெருந்தொல்லையாய் இருந்தது. அதனைப் புகழ்ந்து கூற ஒன்றுமில்லை. அப்பந்தயங்களைத் தெருவிலிருந்து அகற்றித் தனித் தடங்களுக்குக் கொண்டுசெல்ல 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார்.

அடுத்து வந்த திருப்பமே இவ்வரலாற்றின் உயிர்நாடி எனலாம். 1955இல் ஷெவ்ரலே நிறுவனம், எட் கோல் என்ற தலைமைப் பொறியியலாளரின் மேற்பார்வையில், 265 கன அங்குல வி-8 இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. கையடக்கமான உருவம், குறைந்த எடை, எளிய அமைப்பு ஆகியன அதன் சிறப்புகள். அவற்றினும் மேலான ஒன்று அதன் வரைபடத்தில் இருந்தது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே உள்ள தொலைவு 4.4 அங்குலம். இவ்வியந்திரம் 1957இல் 283, 1962இல் 327, 1967இல் 350, 1970இல் 400 கன அங்குலம் என வளர்ந்துகொண்டே போயிற்று, அந்த 4.4 அங்குலம் மட்டும் மாறவில்லை. இதனால் விளைந்த பயன் பெரிது. ஓர் ஆண்டின் இயந்திரத்திற்கென வார்த்த பாகங்களுட் பல, பத்தாண்டு கழித்து வந்த இயந்திரத்திலும் சென்று பொருந்தின. பழைய காரை வைத்திருந்தவன் புதிய காருக்கு ஏங்கவேண்டியதில்லை. அதன் வலிமையை மட்டும் தனியே வாங்கித் தன் காரில் சேர்த்துக்கொள்ளலாம். திட்டமிட்டோ திட்டமிடாமலோ, மாற்றுவோர்க்கென்றே ஓர் இலக்கணத்தை வகுத்துத் தந்தது அவ்வரைபடம்.

இளைஞர்களின் கைவேலையை நிறுவனங்கள் தாமே மேற்கொண்ட கதை சுவையானது. 1963இன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடலாகாது எனக் கட்டளையிட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரம் வைக்கலாகாது என்ற விதியும் இருந்தது. அந்நிறுவனத்தின் பாண்டியாக் பிரிவில் பணியாற்றிய ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோர், பெரிய காருக்குரிய 389 கன அங்குல இயந்திரத்தை நடுத்தரக் காரான டெம்பஸ்டில் வைக்கத் துணிந்தனர். விதி என்னாவது? அதனைப் புதிய கார் என்று அறிவிக்காமல், வேண்டுவோர் கூடுதல் விலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் துணைப்பொருள் தொகுதி என்று அறிவித்தனர்! 'ஜிடிஓ' எனப் பெயரிட்ட அத்தொகுதியை 5,000 பேர் வாங்கினாலே போதும் என்றிருந்தனர். 1964ஆம் ஆண்டுக்குரிய வண்டிகள் 32,450 விற்றன. மற்ற நிறுவனங்கள் வாளாவிருக்குமா? ஆண்டுதோறும் இயந்திரங்கள் பெருத்தன. 1970இல் ஷெவ்ரலே ஷெவெல் காரில் 454 கன அங்குலமும் 450 குதிரைச்சக்தியும் கொண்ட இயந்திரம் ஏறி அமர்ந்தது.

வீழ்ச்சியும் விரைவிலேயே வந்தது. இத்தகைய கார்களை வாங்கிய இளைஞர்களிடம் காப்புறுதி நிறுவனங்கள் மிகுந்த கட்டணம் கேட்டன. 1970இன் இறுதி நாளில் தூய காற்றுச் சட்டம் கையொப்பமாயிற்று. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றவாறு 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இயந்திரங்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்ததும், பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. 1974ஆம் ஆண்டுடன் ஜிடிஓ அக்கால வடிவில் மறைந்தது. இக்காலக் குதிரைச்சக்தி எண்களைப் படிப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1971இல் 365 என்று அச்சிடப்பட்ட 454 கன அங்குல இயந்திரம் 1972இல் 270 என்று அச்சிடப்பட்டது. இவ்வீழ்ச்சி முழுவதும் வலிமைக் குறைவன்று. அளக்கும் முறையே மாறிற்று. முன்னர், காற்றுவடிகட்டி முதலிய துணைக்கருவிகளைக் கழற்றி மேடைமேல் வைத்து அளந்தனர்; பின்னர், காரில் உள்ளவாறே அளந்தனர்.

தொழிற்சாலைகள் கைவிட்ட பின்னரே இக்கார்களின் நீண்ட வாழ்க்கை தொடங்கியது. பெட்ரோலைக் குடிக்கும் பழைய வண்டிகளை எவரும் விரும்பாத ஆண்டுகளில் அவை மலிவாக விற்றன. கைத்திறன் உள்ளவர்கள் வாங்கினர். அவர்கள் செய்த திருத்தங்களை வெறும் வேகப் பித்து என ஒதுக்குவது பிழை. இவ்வண்டிகளைச் செய்தோர் பாய்வதற்கு வழி செய்த அளவிற்கு நிற்பதற்கு வழி செய்யவில்லை. 1964ஆம் ஆண்டு ஜிடிஓவில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. மூடிய உருளைக்குள் உராயும் அவை மீண்டும் மீண்டும் மிதிக்கப்படும்போது சூடேறிப் பிடிப்பிழந்துவிடும். எனவே, அறிவுள்ள உரிமையாளர் முதலில் மாற்றியது இயந்திரத்தை அன்று, பிரேக்கை. காற்றுப்படும் தட்டில் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குகளை முன்சக்கரங்களில் பொருத்தினர். பழைய முறை டயர்களை நீக்கி ரேடியல் டயர்களைப் போட்டனர். தேய்ந்து தேய்ந்து தீப்பொறி குன்றும் தொடுமுனைகளுக்கு மாற்றாக மின்னணு முறைத் தீப்பொறி வந்தது. நெடுஞ்சாலையில் இயந்திரம் ஓயாமல் அலறுவதைத் தணிக்க, கூடுதல் கியர் கொண்ட கியர்ப்பெட்டி வந்தது.

இவற்றுட் சில விரும்பிச் செய்தவை. சில செய்யாது இருக்க இயலாதவை. மாற்றமே கூடாது என்பவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்கால இயந்திரங்கள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்டவை. எரிவாயு வெளியேறும் வால்வும் அது வந்து அமரும் இருக்கையும் ஒன்றையொன்று அரித்துவிடாமல் அந்த ஈயமே காத்துவந்தது. 1996 முதல் நாளன்று அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் விலக்கப்பட்டது. மக்களின் நலம் கருதிச் செய்த நன்று அது. அதன்பின், கடுமையாக ஓட்டப்படும் பழைய இயந்திரத்தில் உறுதியான எஃகு இருக்கைகளைப் பதிக்கவேண்டியதாயிற்று. பெட்ரோலில் எத்தனால் கலந்தபோது பழைய ரப்பர்க் குழாய்கள் இற்றன; அவற்றையும் மாற்றினர். கார் அப்படியே நின்றது. அதைச் சூழ்ந்த உலகம் நகர்ந்துவிட்டது. நகர்ந்த உலகில் ஓடவேண்டுமாயின், காரும் ஓரடி எடுத்துவைக்கத்தான் வேண்டும்.

1997இல் கார்வெட் காரில் வந்த 'எல்எஸ்' வகை இயந்திரம் மற்றொரு வாயிலைத் திறந்தது. அலுமினிய உடலும், கணினியின் ஆணைப்படி எரிபொருளைப் பீய்ச்சும் கருவியும் உடைய 345 குதிரைச்சக்தி இயந்திரம் அது. முற்றிலும் புதிதாக வரையப்பட்டபோதிலும் சிலிண்டர்களுக்கிடையே அதே 4.4 அங்குலத்தை அது காத்திருந்தது. விபத்துக்குள்ளான புதிய வண்டிகளிலிருந்து அதனைப் பெயர்த்தெடுத்து அறுபதுகளின் கார்களில் வைப்பது நாடெங்கும் பரவிற்று. கார்புரேட்டரைத் திருகித் திருகிச் சரிபார்க்கும் கலை மெல்ல மங்க, கணினியை இணைத்துச் சரிபார்க்கும் கலை வளர்ந்தது.

இவ்வளவு மாற்றங்களையும் ஒரே வண்டியில் காணவேண்டுமாயின் 'புராஜெக்ட் எக்ஸ்' என்ற மஞ்சள் நிறக் காரை நோக்கலாம். அது 1957ஆம் ஆண்டு ஷெவ்ரலே. மசல் கார்களுக்கு முன்னோன் என்று சொல்லத்தக்கது. 'பாப்புலர் ஹாட் ராடிங்' என்ற இதழினர் 1965இல் அதனை 250 டாலருக்கு வாங்கினர். அதனை அவர்கள் ஒரு கரும்பலகைபோல் பயன்படுத்தினர் எனலாம்: ஒன்றை எழுதி, விளக்கி, அழித்து, மற்றொன்றை எழுதினர். இயந்திரங்கள் பல வந்து போயின. ஒவ்வொன்றும் எவ்வாறு பொருத்தப்பட்டது என்பது இதழில் பாடமாக வெளிவந்தது. 1980இல் 'தி ஹாலிவுட் நைட்ஸ்' என்ற திரைப்படத்திலும் அக்கார் தோன்றிற்று. 2007இல் ஜெனரல் மோட்டார்ஸ் பட்டறையில் அது பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. 2014இல் இதழே நின்றுபோயிற்று, கார் நிற்கவில்லை. 2021இல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அது 340 குதிரைச்சக்தி கொண்ட மின்சார மோட்டாருடன் வந்து நின்றது. பெட்ரோல் வண்டியாகப் பிறந்தது ஒலியின்றி ஓடலாயிற்று. காண்போர் சிலர் வியந்தனர். சிலர் மனம் கசந்தனர். இருவருமே அதனைப் 'புராஜெக்ட் எக்ஸ்' என்றே அழைத்தனர்.

கசந்தோரின் கவலை பொருளற்றதன்று. தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட எண்கள் காரிலும் இயந்திரத்திலும் கியர்ப்பெட்டியிலும் ஒத்திருந்தால், அதனை 'எண் பொருந்திய கார்' என்பர். மாறாத அரிய கார்களுக்கு ஏலத்தில் கிடைக்கும் மதிப்பு திகைக்க வைப்பது: 1971ஆம் ஆண்டுப் பிளிமத் 'ஹெமி குடா' திறந்த கார் ஒன்று 2014இல் 35 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. கண்மூடித்தனமாக வெட்டி ஒட்டியவர்களால் அழிந்த அரிய வண்டிகள் பல. அவற்றை மீட்க வழியில்லை. ஆனால், விலை ஏற ஏற மற்றொரு கேடும் வந்தது. பல வண்டிகள் சாலையை விட்டு அகன்று, போர்வை போர்த்திய முதலீடுகளாயின. உரிமையாளரே அவற்றின் மூடியைத் திறந்து கைவைக்க அஞ்சினார். கைவைத்தலினால் பிறந்த ஒரு பொருளுக்கு இது விந்தையான முடிவு. அரிய காரைக் காப்பதும், ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட எளிய காரைத் திருத்தி ஓட்டுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று உணர்ந்தோர் சிலரே. அவர்களுள் கவனமுள்ளவர்கள், கழற்றிய பழைய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்துக் காத்தனர். பின்னால் வருபவர் விரும்பினால் மீண்டும் பொருத்திக்கொள்ளட்டும் என்று.

இவ்வழக்கில் 1968ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்று விசித்திரமான சாட்சி கூறுகிறது. 'புல்லிட்' திரைப்படத்தின் துரத்தல் காட்சிக்காக அக்காரின் தாங்கும் பகுதிகள் வலுப்படுத்தப்பட்டன. படக்கருவி பொருத்தும் குழல்கள் அடியில் பற்றவைக்கப்பட்டன. பின்னர், பல ஆண்டுகள் அது ஒரு குடும்பத்தின் அன்றாட வண்டியாக உழைத்து, பிறகு கொட்டகையில் கிடந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்திற்கு வந்தபோது, அதன் நிறம் மங்கியிருந்தது, துருவும் தெரிந்தது. எவரும் அவற்றைச் சீர்செய்யவில்லை. ஏலக் கட்டணம் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு அது விற்றது. வாங்க வந்தோர் குனிந்து தேடியது, தொழிற்சாலை வைத்ததை அன்று. யாரோ ஒரு பட்டறையில் பற்றவைத்த அந்தக் குழல்களை.